ஆரூரன் நினைவு இருதய நலக் கருத்தரங்கு

சத்தியபாமாவுக்குப் பொய் சொல்லத் தெரியாது என்று எங்கள் சனம் சொல்லும். கதையை விடுங்கள். மூன்று வருடமாக ஒரே பொய்யை, ஒரு சொல் பிசகாமல், கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னவள் அவள். அந்தப் பொய்யை எழுதிக் கொடுத்தவள் நான்.

அவளுடைய ஒரே மகன் ஆரூரன் நெஞ்சு வருத்தத்தில் போனான் என்பதுதான் பொய். அவனுக்கு இருபத்தாறு வயது. இணையத்தில் போடுகிற மரண அறிவித்தல்களை எங்கள் தமிழ்ச் சங்கத்தில் நான்தான் எழுதுவேன். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் படிப்பிக்கிறவள், பிழையில்லாமல் எழுதுவாள் என்று பெயர். 'உரும்பிராயைப் பூர்வீகமாகவும் சிட்னி நார்த்மீட்டை வதிவிடமாகவும் கொண்ட' என்று தொடங்கி, 'திடீர் மாரடைப்பினால் அகாலமரணமடைந்தார்' என்று எழுதினேன். ஒரு சொல்லைக்கூட வெட்டி எழுதவில்லை. எத்தனை அறிவித்தல் எழுதிய கை அது!

சத்தியபாமா என்னைவிட எட்டு வயது மூத்தவள். இரண்டு தெரு தள்ளி வீடு. தொண்ணூற்றேழில் புருஷன் நித்தியானந்தனோடு இந்த நாட்டுக்கு வந்து இறங்கியவள், இருபத்தொரு வருடமாக ஓர் ஆஸ்பத்திரிக் குசினியில் வேலை. சாப்பாட்டுத் தட்டுகள் ஓடுகிற பட்டியில் வரிசையாக நகர்ந்து வரும். ஒருத்தி சோறு வைப்பாள், ஒருத்தி சூப் வைப்பாள், கடைசியில் சத்தியபாமா நிற்பாள். தட்டில் இருக்கிற துண்டுச் சீட்டையும் சாப்பாட்டையும் ஒத்துப் பார்ப்பது அவள் வேலை. இவருக்கு உப்புக் கூடாது, இவருக்குச் சீனி கூடாது, இந்த அம்மாவுக்கு எல்லாம் அரைத்திருக்க வேண்டும். அவள் கையால் ஒரு பிழையான தட்டு மேலே போனதில்லை என்று அங்கே சத்தியம் பண்ணுவார்கள். வீட்டில் ஒன்றே ஒன்றைத்தான் அவள் பார்க்கப் பிந்திவிட்டாள்.

ஆரூரன் கெட்டிக்காரன். பன்னிரண்டாம் வகுப்பு முடிவு வந்தபோது சங்கத் தலைவர் தேவராஜா அண்ணை மேடையில் ஏற்றிப் பொன்னாடை போர்த்தினார். பல்கலைக்கழகத்தில் மூன்றாம் வருடம் படிப்பை விட்டான். ஏன் விட்டான் என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை, தாயிடமும் இல்லை. ஒருநாள் உடுப்புத் தோய்க்கப் போட்டபோது அவன் கால்சட்டைப் பையில் ஒரு சின்னக் கண்ணாடிக் குழாய், நுனியில் குமிழ், குமிழ் கருகியிருந்தது. சத்தியபாமா அதைப் பேப்பரில் சுற்றினாள். தன் வீட்டுக் குப்பைத் தொட்டியில் போடவில்லை. வேலைக்குப் போகிற வழியில் ஸ்டேஷன் தொட்டியில் போட்டாள். எங்கள் வீட்டுக் குப்பையை யார் வந்து கிளறப் போகிறார்கள்? ஆனால் எங்கள் சனத்துக்கு அந்தப் பயம் உண்டு.

ஊருக்குக் கூட்டிக்கொண்டு போனால் சரிவரும் என்றார் நித்தியானந்தன். போனார்கள், கோயிலில் நேர்த்தி வைத்தார்கள், நூல் கட்டினார்கள். இறங்கி இரண்டாம் நாளே ஆரூரன் அங்கேயும் ஐஸ் என்கிற அந்தப் போதைப்பொருளை விற்கிறவனைத் தேடிப் பிடித்துவிட்டான். கட்டின நூலோடேயே.

இதெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரியும். அப்போது தெரிந்திருந்தால் நான் வேறு மாதிரி நடந்திருப்பேனா என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்வியை நானே கேட்டு அலுத்துவிட்டேன்.

2019இல் நடந்தது இது. எங்கள் தமிழ்ப் பள்ளி நடக்கிற மண்டபத்துக்கு எதிரே ஒரு பழைய முதியோர் இல்லம், பூட்டிக் கிடந்தது. போதைப் பழக்கத்தில் விழுந்தவர்கள் மூன்று நான்கு மாதம் தங்கிச் சுகப்படுகிற இடமாக அதை மாற்ற ஒரு தொண்டு அமைப்பு விண்ணப்பித்தது. இருபது கட்டில். நகரசபை அக்கம்பக்கத்தாரிடம் கருத்துக் கேட்டது. தேவராஜா அண்ணை கொதித்தெழுந்தார்.

"ஐஸ் அடிக்கிறவங்களைக் கொண்டுவந்து எங்கட பிள்ளையளின்ர வாசல்லையோ விடப்போகினம்? விடக்கூடாது. மயூரா, கையெழுத்து வாங்கும்."

மயூரா நான்தான். கையெழுத்து வாங்க என்னை விட்டால் ஆள் இல்லை. பள்ளி விடும் நேரம் பார்த்துத் தாளோடு மண்டபத்துக் குசினிக்குப் போனேன். சத்தியபாமாவின் பிள்ளை பள்ளியை முடித்துப் பல வருடமாகியும், சனிக்கிழமைகளில் வந்து தாய்மாருக்குத் தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுப்பாள். தாளை நீட்டினேன். பேனையைப் பிடித்தவள் அப்படியே நின்றாள்.

"என்னக்கா யோசிக்கிறியள்? எல்லாரும் போட்டிட்டினம்."

"இல்லை மயூரா... இதையும் வேண்டாம் எண்டால் அவையள் எங்க போறது?"

"எவையள்?"

"அந்த... வருத்தக்காரர்."

"அவையள் எங்கையாவது போகட்டும், எங்களுக்கென்ன வந்தது? உங்கட பிள்ளை வளந்திட்டான், உங்களுக்குப் பயமில்லை. சின்னப் பிள்ளையள் வைச்சிருக்கிறவையை யோசியுங்கோவன்."

கொஞ்சம் சத்தமாகத்தான் சொன்னேன். தேத்தண்ணீர் குடித்துக்கொண்டு நின்ற இரண்டு பேர் திரும்பி அவளைப் பார்த்தார்கள். அவ்வளவுதான். கையெழுத்துப் போட்டாள், புருஷனுடைய பெயரையும் எழுதினாள். 'காரணம்' என்று ஒரு பெட்டி இருந்தது. அநேகம் பேர் அதை வெறுமையாக விட்டிருந்தார்கள். சத்தியபாமா அதையும் இங்கிலீஷில் நிரப்பினாள்: எங்கள் பிள்ளைகள் அப்படிப்பட்டவர்கள் இல்லை. அந்த நேரம் ஆரூரன் நித்திரையில்லாத நாலாம் நாளாக மேல்மாடியில் சுவரோடு கதைத்துக்கொண்டிருந்தானாம்.

இருநூற்றுப் பன்னிரண்டு கையெழுத்து. நகரசபை விண்ணப்பத்தைத் தள்ளியது. தேவராஜா அண்ணை லட்டுக் கொடுத்தார். நான் இரண்டு எடுத்தேன்.

இரண்டரை வருடம் கழிந்தது. ஒரு காலை ஆரூரன் தானாகவே கீழே வந்து, குசினிக் கதிரையில் இருந்து, "அம்மா, ஐ ஆம் டயர்ட். எங்கையாவது கொண்டுபோய் விடுங்கோ" என்றான். அந்தச் சொல்லுக்காகத் தாய் ஐந்து வருடம் காத்திருந்தாள். அன்றைக்கே ஃபோன் எடுக்கத் தொடங்கினாள். எல்லா இடமும் நிரம்பி வழிந்தது. கடைசியில் ஆறு மணித்தியாலம் கார் ஓடிப் போகவேண்டிய ஓர் ஊரில், ஒரு பட்டியலில் பெயர் எழுதிக்கொண்டார்கள். ஒரு நிபந்தனை. ஒவ்வொரு வேலை நாளும் காலை ஒன்பது மணிக்கு அவர்களுக்கு ஃபோன் எடுத்து, 'இன்னும் வர விருப்பம்தான்' என்று சொல்லவேண்டும். எடுக்காவிட்டால் பெயர் போய்விடும்.

ஒன்பது மணிக்குக் காலைச் சாப்பாட்டுத் தட்டுகள் கழுவ வரும். அதை இன்னொருத்தியிடம் ஒப்படைத்துவிட்டுக் குளிர் அறை வாசலில் நின்று எடுப்பாள். "ஆரூரனுக்காக எடுக்கிறேன், இன்னும் காத்திருக்கிறார்." ஒன்பது கிழமை, இரண்டு மாதத்துக்கு மேல். பத்தாம் கிழமை ஒரு செவ்வாய்க்கிழமை, பட்டப்பகலில், அவன் அறைக்குள் செத்துக் கிடந்தான். மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிடப் போன நித்தியானந்தன் கண்டார்.

அடுத்த நாள் காலை நான் அந்த வீட்டில் இருந்தேன். நெஞ்சு வருத்தம் என்றுதான் எனக்கும் சொல்லியிருந்தார்கள். வீடு நிறையச் சனம். சத்தியபாமா திடீரென்று எழும்பி உடுப்புத் தோய்க்கிற அறைக்குள் போனாள். மயங்கி விழப்போகிறாளோ என்று பின்னாலே ஓடினேன். ஃபோனைக் காதில் வைத்திருந்தாள். சுவரில் மணி ஒன்பது.

"ஆரூரனுக்காக எடுக்கிறேன். இன்னும் காத்திருக்கிறார்."

வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "எடுக்காட்டிப் பேரை வெட்டிப் போடுவினம், மயூரா" என்றாள். பிறகு உடுப்புத் தோய்க்கிற மெஷினைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாள், குழாயிலிருந்து பட்டியல் வரைக்கும். நான் அழுதேன். ஓம், அழுதேன். அழுது முடித்துவிட்டு முன் அறைக்கு வந்தால் நித்தியானந்தன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அறிவித்தலை நீர்தான் எழுதவேணும். மாரடைப்பு எண்டு போடும். கனடாவில தங்கச்சியின்ர பெட்டைக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருக்கினம்."

சத்தியபாமாவைப் பார்த்தேன். "எழுதும்" என்றாள். எழுதினேன்.

பிரேதம் உடனே கிடைக்கவில்லை. அரசாங்கம் வெட்டிப் பார்த்துத்தான் தரும். மாரடைப்புக்கு ஏன் இவ்வளவு நாள் என்று சனம் குசுகுசுத்தது. ஊர்வாயை மூட உலைமூடி ஏது? நித்தியானந்தனோ, இந்த நாட்டில் எல்லாம் தாமதம் என்று அலுத்துக்கொண்டார். செத்தவீடு முடிந்தது. சத்தியபாமா ஒன்பது மணிக்கு ஃபோன் எடுப்பதை விடவில்லை. மூன்றாம் கிழமை ஒரு திங்கட்கிழமை, அந்தப் பக்கத்துப் பெண் சந்தோஷமாகச் சொன்னாளாம், வியாழக்கிழமை ஒரு கட்டில் காலியாகிறது, கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று. "அவர் வரமாட்டார், வேறு யாருக்கும் கொடுங்கள்" என்று சொல்லிவிட்டு இவள் திரும்பித் தட்டுக் கழுவப் போனாள்.

அத்தோடு விட்டார்களா? முதலாம் ஆண்டு நினைவு வந்தபோது தேவராஜா அண்ணைக்கு ஒரு யோசனை. "இளம் பிள்ளையள் இப்பிடி நெஞ்சு வருத்தத்தில போகினம். சங்கம் பார்த்துக்கொண்டிருக்க ஏலாது." அவருக்கு உண்மை தெரியுமா, தெரியாதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆரூரன் நினைவு இருதய நலக் கருத்தரங்கு! கண்டறியாத கருத்தரங்கு. மேடையில் அவன் படம், மாலை, குத்துவிளக்கு. தாய் விளக்கேற்ற வேண்டும். இதய டாக்டர் ஒருவர் நெய், தேங்காய்ப்பால், கொழுப்பு என்று ஒரு மணித்தியாலம் பேசுவார். பிறகு எல்லோரும் ரோல்ஸும் வடையும் சாப்பிடுவோம். பயந்துபோன தாய்மார் வாட்டசாட்டமான பிள்ளைகளை இழுத்துக்கொண்டு போய் இதயப் பரிசோதனை செய்வித்தார்கள். மூன்று வருடம் நடந்தது இந்தக் கூத்து. நான் தொகுத்து வழங்கினேன்.

மூன்றாம் வருடம் பேசவந்த டாக்டர் புதியவர். உணர்ச்சிவசப்பட்டுவிட்டார். "இருபத்தாறு வயதுப் பிள்ளை இப்படிப் போகிறதென்றால் வீட்டுச் சமையலைத்தான் முதலில் பார்க்கவேண்டும். தாய்மார் யோசியுங்கள்" என்றார். மண்டபத்துக் கண் எல்லாம் முன்வரிசைக்குத் திரும்பியது. சத்தியபாமா சிரித்தாள். வாய்விட்டு, தோள் குலுங்கச் சிரித்தாள். இருபத்தொரு வருடம் ஊருக்கெல்லாம் உப்பும் கொழுப்பும் பார்த்துத் தட்டு அனுப்பியவள்! டாக்டர் பயந்துபோய்த் தண்ணீர் குடித்தார்.

இரண்டு மாதம் கழித்து என் வீட்டுக்கு வந்தாள்.

"மயூரா, பாராளுமன்றத்தில ஒரு குழு போட்டிருக்காம். ஐஸ்காரருக்குக் கட்டில் காணாது, என்ன செய்யலாம் எண்டு குடும்பங்களிட்டக் கேக்கினம். பள்ளிக்கு முன்னால இருக்கிற அந்தக் கட்டிடத்தையும் திரும்ப யோசிக்கினமாம். நான் போய்ச் சொல்லப்போறன்."

"தேவராஜா அண்ணைக்குத் தெரியுமோ?"

"போனால் தெரியும்தானே. நீர் வாறீரோ?"

போனேன். சங்கத்தின் கடிதம் எங்களுக்கு முன்னாலே அங்கே போயிருந்தது. அது எனக்குத் தெரியாது, கடவுள் சத்தியமாக.

பெரிய அறை, நீள மேசை, அரைவட்டமாக ஏழு உறுப்பினர்கள். மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்று கேட்டார்கள். "என்ர பிள்ளையைப் பற்றிச் சொல்ல எனக்கு இருக்கிற இங்கிலீஷ் காணும்" என்று என்னிடம் முணுமுணுத்துவிட்டு, வேண்டாம் என்றாள். ஐந்து நிமிடம் கொடுத்தார்கள். தாள் ஒன்றும் வைத்திருக்கவில்லை.

"நான் ஆஸ்பத்திரிக் குசினியில் வேலை செய்கிறேன்" என்று தொடங்கினாள். "ஒரு நோயாளியின் சாப்பாடு நாற்பது நிமிடம் பிந்தினால் முறைப்பாட்டுத் தாள் வரும். மேலதிகாரி கீழே வந்து என்ன நடந்தது என்று கேட்பார். நானும் பதில் எழுதிக் கொடுக்கவேண்டும். என் மகன் ஒன்பது கிழமை காத்திருந்தான். ஒருவரும் கீழே வந்து கேட்கவில்லை. அவன் செத்த பிறகு கட்டில் வந்தது. அந்த முறைப்பாட்டுத் தாளை நான் யாரிடம் கேட்டு வாங்குவது? நீங்கள்தான் மேலே இருக்கிறவர்கள். அதனால் இங்கே வந்தேன். பிள்ளைகளுக்குப் பள்ளியிலேயே சொல்லிக்கொடுங்கள், தாய்மாருக்கும் சொல்லிக்கொடுங்கள். அந்தக் குழாய் என்னவென்றே எனக்குத் தெரியவில்லை. ஒரு பிள்ளை தானாக வந்து 'கொண்டுபோய் விடுங்கள்' என்று சொல்கிற நாளில் ஒரு கட்டில் இருக்கவேண்டும். அந்த நாளில். அவர்கள் இரண்டு முறை சொல்லமாட்டார்கள்."

தலைவியாக இருந்த அம்மா கண்ணாடியைக் கழற்றினார். நான் நினைத்தேன், வென்றுவிட்டாள் என்று.

அப்போது ஓரத்தில் இருந்த ஒரு மனிதர், மரியாதையாகத்தான், ஒரு கட்டுத் தாளைத் தூக்கினார். உங்கள் சமூகத்தின் சங்கம் எங்களுக்கு எழுதியிருக்கிறது, தமிழ்க் குடும்பங்களில் இந்தப் பிரச்சினை இல்லை என்கிறது, அந்தக் கட்டிடம் வேண்டாம் என்று முன்பு வாங்கிய கையெழுத்துகளையும் இணைத்திருக்கிறது என்றார். பக்கம் புரட்டினார். "இது உங்கள் கையெழுத்துத்தானா?"

தாளை அவளிடம் கொண்டுவந்து வைத்தார்கள். சத்தியபாமா காரணம் என்ற பெட்டியில் விரலை வைத்தாள்.

"ஓம்" என்றாள். தமிழில்தான் வந்தது. பிறகு இங்கிலீஷில், "என்னுடையதுதான். காரணம் எழுதியதும் நான்தான். அந்த நேரம் என் மகன் வீட்டில் நோயோடு இருந்தான். எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் போட்டேன். அந்த இருபது கட்டிலில் ஒன்று அவனுடையது."

"யாராவது வற்புறுத்தினார்களா?" என்று தலைவி கேட்டார்.

நான் பின்வரிசையில் இருந்தேன். எழும்பியிருக்கலாம். கையைத் தூக்கியிருக்கலாம். முழங்காலில் கைப்பையை வைத்து அதன் பிடியை முறுக்கிக்கொண்டிருந்தேன். சீ, என்ன மனுஷி நான்!

"இல்லை" என்றாள் சத்தியபாமா.

திரும்பி ரயிலில் வந்தோம், ஸ்ட்ராத்ஃபீல்ட் ஸ்டேஷனில் ஆட்கள் இறங்கினார்கள். பிறகு சொன்னாள். "நீர் கொண்டுவந்து நீட்டினனீர் எண்டு நான் சொல்லேல்லை. உம்மில இரக்கத்தில எண்டு நினையாதேயும். நீர் நீட்டினதுக்கு நானேன் போட்டனான்? அதை நான் ஒருத்தரிலையும் சாட்ட ஏலாது."

செய்தி எங்களுக்கு முன்னால் நார்த்மீட்டுக்கு வந்துவிட்டது. நித்தியானந்தன் கத்தவில்லை. குசினிப் பக்கம் வருவதை நிறுத்திவிட்டார், அவள் சமைத்ததைத் தொடுவதில்லை. அவளுக்கு வந்த கலியாண அழைப்பிதழ்கள் நின்றுபோயின. குழுவின் அறிக்கை மூன்று மாதத்தில் வந்தது. தடித்த அறிக்கை, அவளுடைய பேச்சிலிருந்து இரண்டு வரி எடுத்துப் போட்டிருந்தார்கள். எங்கள் கட்டிடத்தைப் பற்றி ஒரே ஒரு வசனம்: உள்ளூர்ச் சமூகத்தின் கருத்தை மேலும் அறிந்தபின் தீர்மானிக்கலாம்.

உள்ளூர்ச் சமூகம் என்றால் யார்? நாங்கள்தான்.

இந்த வருடமும் கருத்தரங்கு வைத்தார்கள். நம்பமாட்டீர்கள், வைத்தார்கள். அதே படம், அதே மாலை. அழைப்பிதழில் விளக்கேற்றுபவர் என்ற இடத்தில் என் பெயர். மாட்டேன் என்றேன். தேவராஜா அண்ணையின் மனைவி ஏற்றினாள். மாட்டேன் என்றவள் வீட்டில் இருந்திருக்க வேண்டும். நானோ போய் நாலாம் வரிசையில் இருந்தேன்.

டாக்டர் எழும்புகிற நேரம் சத்தியபாமா கதவைத் திறந்துகொண்டு வந்தாள். வேலை உடுப்பு, காலில் குசினிச் சப்பாத்து. நேரே மேடைக்கு ஏறினாள். மாலையைக் கழற்றி மேசையில் வைத்தாள், படத்தை எடுத்து நெஞ்சோடு அணைத்தாள்.

"என்ர பிள்ளை நெஞ்சு வருத்தத்தில சாகேல்லை. ஐஸ் அடிச்சுச் செத்தவன். கட்டில் இல்லாமல் இருந்து செத்தவன். உங்களுக்கு விளக்கேத்திறதுக்கு வேற பிள்ளையைப் பாருங்கோ."

மைக் அவளுக்குத் தேவைப்படவில்லை. இறங்கிப் போய்விட்டாள். முன்வரிசையில் நித்தியானந்தன் தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். தேவராஜா அண்ணை மைக்கைப் பிடித்து, "பிள்ளையைப் பறிகுடுத்த தாய், மனநிலை சரியில்லை, நாங்கள் பொறுத்துக்கொள்ளவேணும்" என்றார். டாக்டர் கொழுப்பைப் பற்றிப் பேசினார். சனம் கேட்டது. வடை நன்றாக இருந்ததாம்.

வடையோடு தாளும் வந்தது. அந்தக் கட்டிடம் வேண்டாம் என்று புதுத் தாள், பழைய வசனம். இந்தமுறை வேறு ஒருத்தி வரிசை வரிசையாகக் கொண்டுவந்தாள். என்னிடம் வந்தபோது நான் போடவில்லை. அதொன்றும் வீரமில்லை, ஆறு வருடம் பிந்தியது. பக்கத்துக் கதிரைக்குத் தள்ளினேன்.

பக்கத்தில் லக்சிகாவின் அம்மா. லக்சிகா என்னிடம் படித்த பிள்ளை, பேச்சுப் போட்டியில் எப்போதும் முதலாவதாக வருவாள், இப்போது பத்தொன்பது வயதிருக்கும். ஒரு வருடமாகக் கண்ணில் படவில்லை. தாய் பேனையைத் திறந்தாள். திறந்தபடி தாளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பேனை நுனி தாளுக்கு மேலே அப்படியே நின்றது. அந்தத் தாமதத்தை நான் ஒருதரம் பார்த்திருக்கிறேன். என் நெஞ்சு அடித்த அடியில் உண்மையாகவே மாரடைப்பு வந்துவிடும் போலிருந்தது. கையை நீட்டித் தாளை மூடினேன்.

"போடாதேங்கோ" என்றேன், அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

என் கையைத் தட்டிவிட்டாள். முகமெல்லாம் சிவந்துவிட்டது.

"என்ன மயூரா அக்கா கதைக்கிறியள்? எங்கட வீட்டில அப்பிடி ஒருத்தரும் இல்லை!"

முன்வரிசையில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவள் குனிந்து கையெழுத்துப் போட்டாள். காரணம் என்ற பெட்டியையும் நிரப்பினாள். தாளைப் பின்னுக்குக் கொடுத்தாள்.

அவளுடைய வீட்டைப் பற்றி நான் ஒன்றுமே கேட்டிருக்கவில்லை.